கை வைத்துத் திருத்த ஆள் இல்லாதபோது

தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையைப் பழகுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. யாங் லூச்சான் என்ற இளைஞன் ஹெனான் மாகாணத்தின் சென்ஜியாகோ கிராமத்துக்குப் போய், சென் குடும்பத்தார் வீட்டில் வேலைக்காரனாகச் சேர்கிறான். வெளியாட்களுக்கு அவர்கள் வித்தையைக் கற்றுத்தர மாட்டார்கள். இரவில் முற்றத்திலிருந்து பயிற்சிச் சத்தம் கேட்கிறது. சுவரில் ஒரு ஓட்டை. அதன் வழியே பார்த்துப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் தனியே செய்து பழகி, ஒருநாள் அந்த வீட்டுப் பிள்ளைகளையே தோற்கடித்துவிடுகிறான்.

வரலாற்றில் உறுதியாக நிற்பது இவ்வளவுதான்: யாங் லூச்சான் (1799–1872) சென்ஜியாகோவில் சென் சாங்ஷிங்கிடம் கற்றார், பிறகு பெய்ஜிங் போய் சிங் வம்சத்துப் பிரபுக்களுக்குக் கற்பித்தார், இன்று உலகெங்கும் பூங்காக்களில் பார்க்கிற யாங் பாணி அவரிடமிருந்து வந்தது. சுவரும் ஓட்டையும் சொல்லிச் சொல்லி வளர்ந்த சங்கதி.

ஆனாலும் ஆசான் இல்லாமல் கற்கிற எங்களுக்கு இந்தக் கதை மேல் தனிப் பாசம். எங்களுக்கு வாய்த்த ஓட்டை போன் திரை. நாங்கள் வசதியாக மறந்துவிடுவது கதையின் பின்பாதியைத்தான். திருட்டு வெளிப்பட்ட பிறகு சென் சாங்ஷிங் அவனைத் துரத்தவில்லை. சீடனாக ஏற்றுப் பல வருஷம் பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொடுத்தார். ஓட்டை வழியாகப் பார்த்தது மட்டுமே போதுமானதாக இருந்தது என்று அந்தக் கதைகூடச் சொல்லத் துணியவில்லை.

எனக்கு எட்டும் தூரத்தில் தாய்ச்சியோ, அதோடு சேர்த்துப் பேசப்படும் சீனக் கலைகளான சிங்யியோ, பாகுவாவோ முறையாகக் கற்றுத்தர யாரும் இல்லை. ஆசான் இல்லாமல் இதையெல்லாம் தொடவே கூடாது என்று ஒரு தரப்பு சொல்லும். எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே என்று இன்னொரு தரப்பு. முதல் தரப்பு சொல்வதில் உண்மை அதிகம். ஆனால் ஆளே இல்லாதவனுக்கு அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொண்டேன். ஆசான் உண்மையில் என்ன செய்கிறார்? அதில் எதை வேறு வழியில் சமாளிக்கலாம், எதைச் சமாளிக்கவே முடியாது?

அசைவைக் காட்டுவது அவருடைய வேலையில் சிறிய பகுதி. அதை வீடியோ நன்றாகவே செய்கிறது, சலிக்காமல் ஆயிரம் முறை செய்கிறது. பெரிய பகுதி, நாம் செய்வதைப் பார்த்துவிட்டு “இல்லை” என்று சொல்வது. சொல்வதுகூட இல்லை, இடுப்பில் கை வைத்துத் திருப்புவது. அங்கேதான் சிக்கல். உள்முகக் கலை என்று இந்த மூன்றையும் தனியாகப் பிரித்துப் பேசுவதற்குக் காரணமான விஷயங்கள் எல்லாம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. தாய்ச்சியின் பழைய செவ்வியல் வரிகள் சொல்வது இதைத்தான்: விசை பாதத்தில் வேர்கொள்கிறது, காலிலிருந்து கிளம்புகிறது, இடுப்பு அதை ஆள்கிறது, விரல்களில் அது வடிவம் பெறுகிறது. வீடியோவில் விரல் மட்டும் பளிச்சென்று தெரியும். பாதத்தில் எடை எங்கே இறங்குகிறது என்பது தெரியாது. மேலே தொளதொளவென்று பட்டுச் சட்டை, கீழே அகலமான பேன்ட். முழங்கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுகூட மறைந்துபோகும். இந்தக் கலையைக் கற்பிக்கும் வீடியோக்களில் அரைக்கால் சட்டை கட்டாயம் என்று யாராவது சட்டம் போட்டால் முதல் ஓட்டு என்னுடையது.

நம் உடம்பும் நமக்குப் பொய் சொல்லும். தோள் இறங்கியிருக்கிறது என்று மனசு அடித்துச் சொல்லும். போனை முக்காலியில் வைத்து எடுத்துப் பார்த்தால் இரண்டு தோளும் காதை நோக்கிக் கிளம்பியிருக்கும். நிமிர்ந்து நிற்கிறேன் என்று நினைக்கும்போது முதுகு பின்பக்கம் சாய்ந்திருக்கும். இத்தனை வருஷமாக அப்படியே நின்று பழகியதால் சாய்வுதான் மூளைக்கு நேர். நேராக நிறுத்தினால் முன்னால் விழப்போகிற மாதிரி இருக்கும். கண்ணாடி முன் நின்றால் சரியாகிவிடும் என்பார்கள். முன்னால் பார்க்கிற அசைவுக்குச் சரி. உடம்பு திரும்பியதும் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும், தலை திரும்பியதும் கழுத்தும் தோளும் போச்சு. பக்கவாட்டிலிருந்து படம் எடுப்பதுதான் எனக்கு உதவியது. அதிலும் உடனே பார்க்காமல், மறுநாள் பார்ப்பது. செய்து முடித்த சூட்டில் பார்த்தால் நம் ஆட்டம் நமக்கு அழகாகத்தான் தெரியும்.

இதிலிருந்து எனக்கு ஒரு வழி பிடிபட்டது. இணையத்தில் புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது “எந்தப் பாணி சிறந்தது, சென்னா, யாங்கா, சுன்னா?” என்பது. ஆசான் இல்லாதவருக்கு அது இரண்டாம்பட்சக் கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பயிற்சியில் செய்யும் தவறு தானாகவே தெரியவரும் என்பது. அந்தக் கண்ணோடு பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. பெரும்பாலோர் முதலில் பிடித்துக்கொள்கிற நீண்ட ஃபார்ம்தான் (அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த வரிசை) தனியாகக் கற்கிறவருக்கு மோசமான தொடக்கம்.

சென் பாணியின் பழைய முதல் ஃபார்மில் எழுபத்துச் சொச்சம் அசைவுகள். யாங் பாணியின் நீண்ட ஃபார்மை எண்ணும் விதத்தைப் பொறுத்து 85 என்பார்கள், 108 என்பார்கள். இத்தனையையும் மனப்பாடம் செய்வதற்குள் மாதக்கணக்கில் ஓடிவிடும். அவ்வளவு நாளும் “அடுத்து எது?” என்பதிலேயே கவனம் போகும். தோள் எங்கே, எடை எங்கே என்று பார்க்கப் புத்தியில் இடம் இருக்காது. வரிசை முடிந்ததும் கற்றுவிட்ட திருப்தி வேறு வந்துவிடும். 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை யாங் பாணியைச் சுருக்கி 24 அசைவுகளில் ஒரு ஃபார்ம் உருவாக்கியது. ஐந்தாறு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதை இளக்காரமாகப் பேசுகிற மரபுவாதிகள் உண்டு. தனியாகக் கற்கிறவருக்கு அந்த இருபத்துநாலே அதிகம் என்பேன்.

எளிய பயிற்சி எது என்று கேட்டால், சும்மா நிற்பது. சீனத்தில் ஜான்ஜுவாங். பாதங்கள் தோள் அகலம், முழங்கால் லேசாகத் தளர்ந்து, இரண்டு கையும் மரத்தைக் கட்டிப்பிடிப்பதுபோல் மார்புக்கு முன்னே வட்டமாக. அவ்வளவுதான். சிங்யி ஆசானிடம் வளர்ந்த வாங் ஷியாங்ஜாய் (1885–1963) பிற்காலத்தில் ஃபார்மையே தூக்கிப்போட்டுவிட்டு, இந்த நிற்றலை மையமாக வைத்து யிசுவான் என்ற தனிக் கலையையே அமைத்தார். ஒன்றுமே நடக்காததுபோல் தெரியும் இந்தப் பயிற்சியில் தவறு ஒளிய இடமில்லை. தோளைத் தூக்கியிருந்தால் சில நிமிஷத்தில் தோள் எரியும். இடுப்பை முன்னே தள்ளியிருந்தால் கீழ்முதுகு வலிக்கும். எடை குதிகாலில் போயிருந்தால் கால்விரல் தரையை விட்டு எழும்பும். முன்னே போயிருந்தால் விரல்கள் தரையைக் கவ்வும். ஒவ்வொரு வலியும் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும். தொடை நடுங்குவது வேறு கணக்கு, அது வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

சிங்யியில் இதற்கு இணையானது சான்டிஷி. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, எடையின் பெரும்பகுதி பின்காலில், ஒரு கை முகத்துக்கு நேரே நீண்டு, மற்றது வயிற்றருகே. ஆயிரம் வித்தைகளும் இதிலிருந்துதான் பிறக்கின்றன என்பது அவர்கள் வழக்கு. இதில் நின்று பழகிவிட்டு ஐந்து குத்துகள்: பிளக்கும் பி, துளைக்கும் ட்சுவான், நொறுக்கும் பெங், வெடிக்கும் பாவ், குறுக்கே போகும் ஹெங். உலோகம், நீர், மரம், தீ, மண் என்று ஐம்பூதக் கணக்கோடு ஒவ்வொன்றையும் பொருத்தியிருக்கிறார்கள். நேர்கோட்டில் ஒரே குத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே அறை நீளம் போய்த் திரும்ப வேண்டியதுதான். மனப்பாடம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. முன்கால் பதிவதும் கை போய்ச் சேர்வதும் ஒரே கணத்தில் நடக்கிறதா என்பதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். பின்தங்கினால் இரண்டு சத்தம் கேட்கும். தனியாகக் கற்க இதைவிடப் பொருத்தமான பாடத்திட்டம் உள்முகக் கலைகளில் இல்லை என்பது என் கட்சி. ஆனால் மெல்ல மிதக்கும் தாய்ச்சியின் கவர்ச்சி இதற்கு இல்லாததால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தனியாகக் கற்க எவ்வளவு ஏற்றது என்ற கணக்கில் பாகுவா நடுவில் வரும். தோங் ஹாய்சுவான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் பரப்பிய கலை இது. வட்டத்தைச் சுற்றி நடப்பதுதான் அடிப்படை. தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டால், நடை கோணலாவது உடனே தெரியும். ஒரு பக்கம் சுற்றும்போது வட்டத்திலேயே ஒட்டி நடப்போம். மறுபக்கம் சுற்றும்போது கோட்டை விட்டு வெளியே போய்க்கொண்டிருப்போம். இடுப்பு ஒரு பக்கம்தான் நன்றாகத் திரும்புகிறது என்பதை எந்த மருத்துவரும் சொல்லாமல் கோடே சொல்லிவிடும். நடையோடு நிறுத்திக்கொண்டால் பாகுவா நல்ல துணை. கைமாற்றங்களும் சுழற்சிகளும் வரும்போது ஆள் வேண்டும்.

முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச வேண்டும். தனியாகப் பழகித் தாய்ச்சியை விட்டவர்கள் சொல்லும் காரணங்களில் நான் அதிகம் கேட்டது இதைத்தான். உடம்புக்கு நல்லது என்று ஆரம்பித்து, மூட்டு வலியோடு நிறுத்தியவர்கள். கலையில் குறை இல்லை. முழங்கால் மடங்கவும் நீளவும் அமைந்த மூட்டு. மடங்கிய நிலையில் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். திரும்பும் வேலை இடுப்பு மூட்டுடையது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு மூட்டு இறுகிப்போனவர், எடை முழுக்க ஒரு காலில் நிற்க, அந்தப் பாதம் தரையில் பதிந்திருக்க, உடம்பைத் திருப்பினால் என்ன ஆகும்? இடுப்பு திரும்பாது. பாதமும் திரும்பாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட முழங்கால் முறுக்கிக்கொள்ளும். ஒருமுறை செய்தால் ஒன்றும் தெரியாது. தினம் நூறு முறை செய்தால் தெரியும்.

ஆசான் இருந்தால் இதை முதல் வாரமே பிடித்துவிடுவார். இல்லாதபோது செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அசைவின் நடுவில் அப்படியே நின்று, குனியாமல் கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பாருங்கள். முழங்கால் சில்லு எந்தப் பக்கம் பார்க்கிறதோ, இரண்டாவது கால்விரலும் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். சில்லு உள்பக்கம் சாய்ந்திருந்தால் நிறுத்திவிட வேண்டும். முழங்காலை வெளியே தள்ளிச் சரிசெய்வது தீர்வாகாது. தொடையும் வயிறும் சேரும் தொடை இடுக்கு மடியவில்லை என்று அர்த்தம். அங்கே விரலை வைத்து, விரல் அழுந்தும்படி உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் நிலையை உயர்த்திவிட வேண்டியதுதான். வீடியோவில் இருப்பவர் தொடை தரைக்குச் சமமாக இறங்குகிறார் என்றால் அவர் சிறுவயதிலிருந்து இறங்குகிறார். திரும்பும் அசைவுகளில் எடையைப் பின்காலுக்கு மாற்றி, காலியான பாதத்தைத் திருப்பி, பிறகு எடையைக் கொண்டுவரலாம். சில ஆசான்கள் எடையோடேயே பாதத்தைத் திருப்பச் சொல்வார்கள். இரண்டுக்கும் மரபில் இடம் உண்டு. ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாதவர் காலியான பாதத்தையே திருப்புவது நல்லது. தொடைத் தசையில் வலி இருந்தால் தொடரலாம். மூட்டுக்குள்ளே வலித்தால் அன்றைக்குப் போதும்.

வீடியோவைத் தேர்ந்தெடுப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவரைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைக் குறைந்தது ஒரு வருஷத்துக்கு மூடிவிடுவது உத்தமம். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள்கூட ஒரே அசைவை வேறு வேறாகச் செய்வார்கள். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும். முதுகுப்பக்கமிருந்து எடுத்த காட்சி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இடது வலது குழப்பத்திலேயே பாதி நேரம் போகும். வேகத்தைப் பாதியாக்கிப் பார்ப்பதைவிட, நிறுத்தி ஒரு சட்டகத்தைப் பார்ப்பது எனக்கு அதிகம் உதவியது. இந்த விஷயத்தில் பழைய புத்தகங்கள் வீடியோவைவிட நல்ல ஆசான்கள். சிங்யி, பாகுவா, தாய்ச்சி மூன்றிலும் தேர்ந்த சுன் லூதாங் 1915-இலேயே சிங்யி பற்றிப் புகைப்படங்களோடு புத்தகம் போட்டார். நிற்கிற படம் ஓடாது. அந்தப் படத்தின் பக்கத்தில் நம் படத்தை வைத்து, மூக்கு, விரல்நுனி, கால்நுனி மூன்றும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று அளந்து பார்க்கலாம்.

இப்படியெல்லாம் சமாளித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு வார இறுதிப் பயிலரங்குக்குப் போனேன், ரயிலேறி. சென் பாணி. இந்த மரபில் பயிலரங்குகளுக்கென்று ஒரு நடைமுறை உண்டு. சென் ஷியாவ்வாங் போன்ற பெரிய ஆசான்கள் நாடு நாடாகப் போய் நடத்தும்போது, எல்லோரையும் நிற்க வைத்துவிட்டு ஒவ்வொருவரிடமாக வந்து கையால் திருத்துவார்கள். நான் போன இடத்தில் வந்தவர் அவ்வளவு பெரிய பெயர் அல்ல, ஆனால் அதே முறை. என் முறை வரும்வரை எனக்குத் தைரியம்தான். நிற்பதில் நான் பழுத்தவன் என்று நினைப்பு.

அவர் எதிரில் வந்து நின்று முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு கையைக் கீழ்முதுகில் வைத்தார், மற்றதை அடிவயிற்றில். முதுகில் இருந்த கை கீழே இழுத்தது. தள்ளவில்லை, அழுத்தவில்லை, வழிகாட்டியது. ஒரு விரற்கடை அளவுகூட நான் நகர்ந்திருக்க மாட்டேன். பிறகு மார்பெலும்பின் மேல் இரண்டு விரல் வைத்து உள்ளே போகச் சொன்னார். வலது தோளைத் தொட்டார், தோள் இறங்கியது. அது இவ்வளவு நேரமும் மேலே இருந்தது அப்போதுதான் தெரிந்தது. கடைசியாக முழங்கையைச் சற்று வெளியே நகர்த்தினார். சில நொடிகளில் இரண்டு தொடையும் கொதிக்க ஆரம்பித்தன. வீட்டில் நிதானமாக நின்ற அதே நிலை, அதே உயரம். அதுவரை எடையில் ஒரு பங்கைக் கீழ்முதுகு இறுக்கிப் பிடித்துத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அது விட்டதும் பாரம் முழுக்க அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. “இங்கேயே இருங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் என் முதுகு சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே நழுவிவிட்டது. அவர் திரும்பிப் பார்த்து, தூரத்திலிருந்தே தன் முதுகைத் தட்டிக் காட்டினார்.

எந்த வீடியோவும் இதைத் தந்திருக்காது, சரி. ஆனால் அவரிடமிருந்து கிளம்பும்போது என்னிடம் ஒரு அடையாளம் இருந்தது: அந்த நிலையில் தொடையில் எரிச்சல் எங்கே ஆரம்பிக்கிறது, மூச்சு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. வீட்டுக்கு வந்த பிறகும் அதைத் தேடிப் போக முடிந்தது. தவறாக நின்றால் அந்த எரிச்சல் வராது. அதுவரை குருட்டுத்தனமாக நின்ற நேரமும் வீணாகவில்லை. நின்று நின்று கால் பழகியிருந்ததால்தான் அந்தத் திருத்தத்தைக் கொஞ்ச நேரமாவது தாங்க முடிந்தது. என்னோடு வந்திருந்த புதியவர்கள் சிலர் அவர் கையை எடுத்த உடனேயே நிமிர்ந்துவிட்டார்கள்.

நேரலை வகுப்புகளை இதற்கு அடுத்த படியில் வைப்பேன். திரையில் இருப்பவர் முழங்காலைப் பார்ப்பார், தோளைப் பார்ப்பார்; இடுப்பை நகர்த்த முடியாது. நல்ல ஆசான் அதற்கும் வழி கண்டுபிடித்துவிடுகிறார். “உங்க கையையே முதுகுல வைங்க, கீழே இழுங்க” என்பார். அல்லது சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லி, கீழ்முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிறதா என்று பார்க்கச் சொல்வார். சுவர் அருமையான உதவி ஆசான்.

அடுத்தது தொடுதல். தாய்ச்சியில் துய்ஷோ என்று இருவர் கை கோத்துத் தள்ளும் பயிற்சி இருக்கிறது. எதிராளியின் விசையைத் தோலாலேயே கேட்டறிவதும், அது வரும் திசையிலேயே விலகி அவரை வெறுமையில் விழவைப்பதும் அங்கேதான் பழகும். தனி ஆளாக ஃபார்மை எவ்வளவு செய்தாலும் இது வராது. எனக்குக் கிடைத்த எதிராளி இந்தக் கலையின் பெயர்கூடச் சரியாகத் தெரியாத நண்பன். அவனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: என் முன்னங்கையில் உள்ளங்கையை வைத்து, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டு, நான் அசைந்தால் நிறுத்து.

“என்னடா, தொடுறதுக்கு முன்னாடியே முறுக்கிக்கிட்டு நிக்கிற?” என்றான் முதல் தடவையே. பல நாள் வீடியோ எடுத்தும் என் கண்ணில் படாத விஷயம். கையைத் தொட வருகிறார்கள் என்றதுமே என் தோளும் கழுத்தும் தயாராகிவிடுகின்றன. அவனுக்குத் தாய்ச்சி தெரியாததே நல்லதாகப் போயிற்று. தெரிந்திருந்தால் எனக்கு ஒத்தாசையாக விழுந்திருப்பான்.

இங்கே ஒரு வார்த்தை. தொடாமலேயே ஆட்களைத் தூக்கி எறியும் ஆசான்களின் வீடியோக்கள் இணையத்தில் ஏராளம். ஆசான் இல்லாதவர்தான் இதற்கு முதலில் மயங்குவார், ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வேறு அனுபவம் இல்லை. 2017 ஏப்ரலில் செங்டு நகரில் சூ ஷியாவ்தோங் என்ற கலப்புத் தற்காப்பு வீரர் ஒரு தாய்ச்சி ஆசானைச் சில நொடிகளில் வீழ்த்திய காட்சி உலகம் முழுக்கச் சுற்றியது. தாய்ச்சி பொய் என்று ஒரு கூட்டமும், அவர் உண்மையான ஆசானே இல்லை என்று இன்னொரு கூட்டமும் சண்டை போட்டன. எனக்கு இரண்டிலும் ஆர்வமில்லை. தள்ளினால் பணிவோடு பறந்து விழும் மாணவர்களை மட்டுமே சுற்றி வைத்திருக்கிற எந்த ஆசானுக்கும், தனியறையில் பழகும் எனக்கும் ஒரே நோய்தான். இருவரிடமும் “இல்லை” என்று சொல்ல ஆள் இல்லை. ஜூடோவோ மல்யுத்தமோ பழகும் யாராவது கிடைத்தால் மரியாதையாகக் கேட்டு, கை கொடுத்துப் பாருங்கள். நம் வேர் எத்தனை ஆழம் என்று சீக்கிரமே தெரிந்துவிடும்.

உடல்நலத்துக்காக மட்டும் என்றால் இவ்வளவு கவலை வேண்டாமே என்று கேட்கலாம். பாதி சரி. மெதுவாக எடை மாற்றிப் பழகுவதே சமநிலைக்கு உதவும். ஆனால் 2012-இல் வெளியான, பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்துச் செய்த புகழ்பெற்ற ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு முறை, 24 வாரம் தாய்ச்சி செய்தவர்களுக்குச் சமநிலை மேம்பட்டது. அவர்கள் அதை வகுப்பில், பயிற்றுநர் முன்னால் செய்தார்கள். வீடியோ பார்த்துச் செய்கிறவருக்கும் அதே பலன் என்று அதிலிருந்து நேரே தாவிவிட முடியாது.

சென்ஜியாகோவுக்கே ஆசான் பஞ்சம் வந்தது உண்டு. போரும் பஞ்சமும் பல குடும்பங்களைக் கலைத்தன. அந்தக் குடும்பத்தின் பெரிய ஆசான் சென் ஃபாகே 1928-இல் பெய்ஜிங் போனவர், அங்கேயே இருந்துவிட்டார். கலை பிறந்த ஊரிலேயே அதை முழுதாகக் கற்றுத்தர ஆள் அருகிப்போன நிலையில், வெளியூரில் இருந்த சென் ஜாவ்பி 1958-இல் ஊர் திரும்பிச் சிறுவர்களைச் சேர்த்துக் கற்பிக்க ஆரம்பித்தார். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் அதுவும் சிக்கலானது. 1972-இல் அவர் இறந்துபோனார். பிறகு சென் ஃபாகேயின் மகன் சென் ஜாவ்குய் வரவழைக்கப்பட்டார். அவரும் ஊரோடு தங்கிவிடவில்லை, வந்து கற்பித்துவிட்டுப் போவார், மறுபடி வருவார். பின்னாளில் உலகம் சுற்றிக் கற்பித்துப் பெயர்பெற்ற சென் ஷியாவ்வாங், வாங் ஷியான், சு தியான்சாய், மறைந்த சென் ஜெங்லேய் நால்வரும் அந்தத் தலைமுறை. வந்து போகிற ஆசானை வைத்து அவர்கள் தேறினார்கள் என்று சொல்லி நான் ஆறுதல் தேடிக்கொள்ளலாம். ஆனால் அவர்களுக்கு அடித்தளம் ஏற்கனவே போடப்பட்டிருந்தது. ஆசான் இல்லாத மாதங்களிலும் தினமும் பிடித்துத் தள்ள ஒருவருக்கொருவர் இருந்தார்கள். எனக்கு இருப்பது ஒரு நண்பன், அதுவும் அவனுக்கு நேரம் கிடைத்தால்.

அதனால் இப்போதைக்கு என் ஏற்பாடு இது. காலையில் நிற்பது, பிறகு சிங்யியின் பி குத்து, இரண்டு பக்கமும், சென் ஃபார்மில் முதல் நாலைந்து அசைவுகள், அதற்கு மேல் இல்லை. மீதி அசைவுகளின் வரிசை எனக்குத் தெரியும், தொடுவதில்லை. அடுத்த பயிலரங்குக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். புது ஃபார்ம் கற்றுத்தருகிறார்கள் என்று விளம்பரம் இருக்கும், கூட்டமும் அதற்குத்தான் வரும். நீங்கள் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு அசைவைக் கொண்டுபோங்கள். இடைவேளையில் ஆசானிடம் போய்ச் செய்து காட்டி, எங்கே தப்பு என்று மட்டும் கேளுங்கள். அவர் கை வைத்ததும் மனசுக்குள் குறிப்பு எடுக்க ஆரம்பிக்காதீர்கள், எங்கே எரிகிறது என்று பாருங்கள். குறிப்பை அன்றிரவே எழுதலாம்: எந்த இடத்தில் கை வைத்தார், எந்தத் திசையில் நகர்த்தினார், எங்கே பாரம் ஏறியது. “இடுப்பைத் தளர்த்தச் சொன்னார்” என்று மட்டும் எழுதி வைத்தால் ஊர் வந்து சேர்ந்தபின் அதற்கு எந்த அர்த்தமும் இருக்காது.